ஜெனரேட்டர் நின்ற பத்து நிமிடம்

அந்த இசை நிகழ்ச்சிக்குப் போவதை நான் உம்மாவிடம் சொல்லவில்லை. காரைதீவில், என்னோடு வேலை செய்பவளின் வீட்டில் ஒரு விசேஷம், திரும்பி வர ஒன்பதரையாகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முப்பத்து மூன்று வயதில், நீர்ப்பாசன அலுவலகத்தில் பத்து வருடமாகக் கிளார்க்காக இருக்கிற ஒருத்தி, தாயிடம் பொய் சொல்லிவிட்டுப் பாட்டுக் கேட்கப் போவது வெட்கக்கேடுதான். பாட்டுக்காக உம்மா ஏசியிருக்க மாட்டார். சனம் கூடுகிற இடத்துக்கு நான் போவதே இல்லை என்பது அவருக்குத் தெரியும். இப்போது மட்டும் ஏன் போகிறாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மறைத்தேன்.

டிக்கெட் தந்தது அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவள். காரைதீவுக்காரி. இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள், அவளுடைய கணவருக்கு அன்று வேலை வந்துவிட்டது.

"நீ வா புள்ள. ஆயுசுக்கும் வாய்க்காலும் ஃபைலும்தானா? ஒரு நாளைக்கு நல்லாக் கத்திப்போட்டு வருவம்."

"எனக்குச் சனத்துக்க நிக்க ஏலா."

"நான் பக்கத்துல நிப்பன்தானே. உன்ன விட்டுப்போட்டு எங்க போகப்போறன்?"

இந்தியாவிலிருந்து வருகிற பாடகர். அப்படியொருவர் எங்கள் கரைக்கு வருவது பெரிய விஷயம். இரண்டு கிழமையாக ஊரில் அதே பேச்சு. அவர் கட்டாயம் பாடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த பாட்டு ஒன்று இருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய பாட்டு. இன்றைக்கும் முச்சக்கர வண்டியிலும் கல்யாண வீட்டிலும் அது ஓடும். அது வந்த புதிதில் என் தங்கச்சிக்கு ஆறு வயது. பாதி வரி தெரியாது. தெரியாத இடங்களில் வாய்க்கு வந்த சத்தத்தைப் போட்டு, விடிந்தது முதல் படுக்கும்வரை அதையே பாடுவாள். குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போகிற வழியில் பாடாதே என்று நான் அவள் தலையில் குட்டியிருக்கிறேன்.

அவள் போன பிறகு அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் நான் எழுந்து போய்விடுவேன். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி, எங்கள் ஊருக்கு மூன்று தரிப்பிடம் முன்னால் இறங்கி நடந்திருக்கிறேன்.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், கத்தாரிலிருந்து என் கணவர் ஃபோன் எடுத்தார். கல்யாணம் முடித்து ஆறு வருடம். பிள்ளையை நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் சொன்னதில்லை, அவரும் வற்புறுத்தியதில்லை. அன்று மட்டும், "உனக்கு என்னமோ ஒரு பயம் இரிக்கி. அது என்னெண்டு எனக்குச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். ஃபோனை வைத்த பிறகு, ஒரு பாட்டுக்குக்கூடப் பயந்து இன்னும் எத்தனை காலம் ஓடுவது என்று தோன்றியது. மறுநாள் காரைதீவுக்காரியிடம், வருகிறேன் என்றேன்.

அந்தப் பயம் என்னவென்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சுனாமி என்று கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு அப்போது சாய்ந்தமருதில், கடலுக்கு மிகக் கிட்ட இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் தங்கச்சியும் ஓதப் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தோம். ஒழுங்கையில் ஆட்கள் ஓடிவந்தார்கள். பின்னால் கறுப்பாகத் தண்ணீர். நான் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் எங்களை எட்டிப் பிடித்தபோது ஒரு வீட்டு ஜன்னல் கம்பி என் வலது கைக்கு அகப்பட்டது. இடது கையில் அவள்.

அலை அவளைப் பறித்துக்கொண்டு போனது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வாப்பா அப்படித்தான் நம்பினார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பள்ளிவாசல் என்று கடலில் போனவர்களின் மையித்துக்கள் கிடந்த இடமெல்லாம் தேடித் திரிந்தார். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம்தான் அவர் உயிரோடு இருந்தார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லவேயில்லை. என் வலது கை கம்பியில் வழுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்க முடியும் என்று விளங்கியது. இடது கையைத் திறந்தேன். அவ்வளவுதான் நடந்தது. விரல்களைத் திறந்தது நான்.

அக்காவான என்னை, ராத்தா என்று அவள் கூப்பிட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில நாட்களில் கேட்டது போலிருக்கும். சில நாட்களில் தண்ணீரின் சத்தம் மட்டும்தான். நெருக்கமான பஸ்ஸில் நிற்கும்போது இடது உள்ளங்கை சும்மா ஈரமாகும். அதை அபாயாவில் துடைத்துக்கொள்வேன். யாருடைய பிள்ளையையும் நான் கை பிடித்து ரோட்டைக் கடக்க வைத்ததில்லை.

நிகழ்ச்சி நாளன்று அலுவலகம் முடிந்து காரைதீவுக்காரியோடு அவளுடைய வீட்டுக்குப் போனேன். மாலைத் தொழுகையான மஃரிப்பைத் தொழ, தன் அறையில் கழுவி மடித்து வைத்திருந்த வெள்ளைச் சீலையை விரித்துத் தந்தாள். தொழுது முடித்து முச்சக்கர வண்டியில் கல்முனைப் பக்கம் வந்தோம். வீதிக்கும் கடலுக்கும் நடுவே பெரிய மைதானம். இரண்டு பக்கமும் வாகனங்கள் அடைத்து நின்றதால் அரை மைல் முன்னாலேயே இறங்கி நடந்தோம்.

இவ்வளவு சனத்தை ஒரே இடத்தில் நான் கண்டது அதற்கு முன் ஒரு தடவைதான். அது அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில். வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அந்தச் சனம் வேறு மாதிரியான சனம். கோமாரி ஊரிலிருந்து லொறியில் வந்த ஒரு கூட்டம் மணலில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது. மருதமுனைப் பெண்கள் ஏழெட்டுப் பேர், என்னைப் போலவே கறுப்பு அபாயா, ஒருத்தியின் தோளில் ஒருத்தி கை போட்டு நின்றார்கள். தலை நிறையப் பூ வைத்த ஒரு அம்மா, தெரியாத ஆளான என்னிடம் ஒரு சுருள் கடலையை நீட்டி, "தின்னு புள்ள, துவங்க நேரமாகும்" என்றார். வாங்கித் தின்றேன்.

ஏழரைக்குப் பாடகர் மேடைக்கு வந்தார். சனம் ஒரேயடியாகச் சத்தம் எழுப்பியது. அந்தச் சத்தத்தை நான் அறிவேன். தூரத்திலிருந்து ஒன்றாகத் திரண்டு வருகிற சத்தம். ஓட வேண்டும் என்று கால்கள் சொல்லின. காரைதீவுக்காரி என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாருடி, பாருடி, நிக்காருடி!" என்று கத்தினாள். நான் பார்த்தேன். தூரத்தில் விரலளவு மனிதன், பக்கத்துத் திரையில் ராட்சத அளவில் அவருடைய முகம். அவர் எங்களைப் பார்த்து, கல்முனை என்று எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். அதற்கே சனம் துள்ளியது. எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்று நான்கு பாட்டுக்குள் என் உடம்பு இளகிவிட்டது. மேளத்தின் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. எனக்கு முன்னால் சாரம் கட்டிய ஒரு பெரியவர், மீன்பிடிகாரராக இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பாடினார். அவருடைய மனைவி அவரை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தேன்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. முதல் இசையிலேயே மைதானம் எழும்பியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதல் நாலு வரி போயிருக்கும். டப்பென்று ஒரு சத்தம். மேடை விளக்கு, திரை, மைக் எல்லாம் ஒரேயடியாக நின்றன. ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

முழு இருட்டு. ஒரு கணம் யாரும் பேசவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து கடலின் இரைச்சல் தெளிவாக எனக்குக் கேட்டது. ஓடப் பார்த்தேன், ஓட இடமில்லை. அப்போது முன்னாலிருந்த பெரியவர், பாட்டு நின்ற இடத்திலிருந்து அடுத்த வரியைத் தனியாக எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் யாரோ சேர்ந்தார்கள். பிறகு பத்துப் பேர், நூறு பேர். மூச்சு விட்டு எடுப்பதற்குள் முழு மைதானமும் இருட்டில் பாடிக்கொண்டிருந்தது. வாத்தியம் இல்லை, பாடகர் இல்லை. சனம் மட்டும். கைதட்டித் தாளம் போட்டார்கள். கடலின் சத்தம் எனக்குக் கேட்காமல் போனது.

அந்த நேரத்தில் என் இடது கைக்குள் ஒரு சிறிய கை வந்தது.

ஈரமாக இருந்தது. விரல்கள் என் சின்ன விரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்தன. என் தங்கச்சி பிடிப்பதும் அப்படித்தான், முழுக் கையும் அவளுக்குக் கொள்ளாது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று பயந்தேன். யாராவது இருந்தாலும் பயம்தான். நேராக இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே, என் இடுப்பளவில், ஒரு குரல் பாடியது. உச்சக் குரலில், தெரியாத இடங்களில் வெறும் சத்தத்தைப் போட்டுப் பாடியது.

நானும் பாடினேன். எனக்கு அந்தப் பாட்டு முழுவதும் தெரிந்திருந்தது எனக்கே தெரியாது. தொண்டை கிழியப் பாடினேன். அந்தக் கை என் கையை மேலே தூக்கி ஆட்டியது, நானும் ஆட்டினேன். அங்கங்கே ஃபோன் வெளிச்சங்கள் நட்சத்திரம் போல எழும்பின. நான் கீழே பார்க்கவேயில்லை. கண்ணீர் வாய்க்குள் போனது. அவ்வளவு சந்தோசமாக நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பாட்டு முடிந்து, சனம் மறுபடி முதலிலிருந்து எடுத்தது. இரண்டாம் தடவையும் முடிகிற நேரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன.

என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நின்றாள். ஆறேழு வயது. நெற்றியில் ஒட்டுப் பொட்டு, கன்னத்தில் ஐஸ்கிரீம். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெரியாத முகம் என்று கண்டதும் அவளுடைய வாய் கோணியது.

"நீங்க ஆரு?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மனே! என்ட மனே!" என்று மகளைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவள், பிள்ளையின் மற்றக் கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வரவில்லை. ஏனென்றால் நான் விடவில்லை.

"விடுங்க அக்கா. என்ட புள்ள."

எனக்குக் கேட்டது, விளங்கியது. விட வேண்டும் என்று நினைத்தேன். விரல்கள் திறக்கவில்லை. அவள் மறுபடி இழுத்தாள், பிள்ளை வலித்து அழுதது. "என்ன இது? புள்ளைய விடுங்க!" அவளுடைய குரல் மாறிவிட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். புள்ள புடிக்கிற ஆளோ என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஒருவன் ஃபோனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தான். கறுப்பு அபாயாவில் ஒருத்தி, பொட்டு வைத்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். அப்படியும் விரல்கள் திறக்கவில்லை.

காரைதீவுக்காரிதான் குறுக்கே வந்தாள். "ஃபோன இறக்கு தம்பி! இது எனக்குத் தெரிஞ்ச ஆள். மயக்கம் வந்து நிக்கா, கண்ணு தெரியல்லயா உனக்கு?" என்று அவனை அதட்டிவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிள்ளையின் மணிக்கட்டு சிவந்து கிடந்தது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போகத் திரும்பினாள். அப்போது பிள்ளை அழுகைக்கு நடுவே, "அவ என்னப் புடிக்கல்ல அம்மா, நாந்தான் புடிச்ச. நீங்க எண்டு நினைச்சன்" என்றது.

மேடையில் அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. தாய் திரும்பினாள். பிறகு என் முன்னால் வந்து குந்தி, பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தந்தாள்.

"குடிங்க அக்கா. நான் கத்திப்போட்டன். மனசுல வைக்காதீங்க."

"நான்தான் விடல்ல," என்றேன். "உங்கட புள்ளைக்கு நோவாக்கிப்போட்டன்."

"இவட கைய நான் புடிச்சுக்கொண்டுதான் நிண்டன்," என்றாள் அவள். "இருட்டானதும் எல்லாரும் பாடினாங்களே, கைதட்டினாங்களே. எனக்கும் தட்டணும் போல இருந்திச்சு. ரெண்டு கையாலயும் தட்டினன். புள்ளைட கைய விட்டது எனக்கு ஞாபகமே இல்லக்கா. லைட்டு வந்த பொறகுதான் பாத்தன். பெத்த தாய், பாட்டுக்காக விட்டுப்போட்டன்."

அவள் சொன்னதைக் கேட்டு என் வாய் தானாகத் திறந்தது. இருபது வருடமாக உம்மாவிடமும் வாப்பாவிடமும் கணவரிடமும் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணிடம், ஸ்பீக்கர் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொன்னேன். ஜன்னல் கம்பியைச் சொன்னேன். இடது கையைச் சொன்னேன். காரைதீவுக்காரியும் பக்கத்தில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "எங்கட வீட்டிலயும் மூணு பேர்," என்றாள். அந்தக் கரையில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிறகு பிள்ளையைக் கீழே இறக்கி, "அன்ட்டிக்குப் பக்கத்துல நில்லு மனே," என்றாள். பிள்ளை யோசித்துவிட்டு எனக்கும் தாய்க்கும் நடுவில் வந்து நின்றது. ஒரு கையால் தாயைப் பிடித்துக்கொண்டது. என் கையைப் பிடிக்கவில்லை, அபாயாவின் நுனியைப் பிடித்துக்கொண்டது. அது போதுமாக இருந்தது. இன்னும் மூன்று பாட்டு அப்படியே நின்று கேட்டோம். கடைசிப் பாட்டுக்கு நால்வரும் சேர்ந்து கத்தினோம். வெளியே வரும்போது கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். ஃபோன் நம்பர் வாங்க இருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி. உம்மா முன் அறையில் கதிரையில் இருந்தார். கத்திக் கத்தி என் குரல் கம்மியிருந்தது, செருப்பெல்லாம் மணல்.

"எங்க மகள் போன? உண்மையச் சொல்லு."

சொன்னேன். பாட்டைச் சொன்னேன், இருட்டைச் சொன்னேன், அந்தப் பிள்ளையைச் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்ட வாய் நிற்கவில்லை, மற்றதையும் சொல்லிவிட்டது. தங்கச்சியை அலை பறிக்கவில்லை உம்மா, நான்தான் கையை விட்டேன் என்றேன்.

"தெரியும்," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"உன்ன அந்தக் கம்பியில இரிந்து கழட்டினது நான்தானே மகள். உனக்கு அறிவு நினைவு ஒண்டும் இல்ல அப்ப. ரெண்டு கையும் கம்பியில இறுகிப்போய்க் கிடந்திச்சு. ஒவ்வொரு விரலா எடுத்தன். ரெண்டு கையும் கம்பியில இரிந்தா, மத்தப் புள்ளைய எந்தக் கையால புடிச்சிரிப்பாய்? அந்த இடத்திலயே எனக்கு விளங்கிட்டு."

"ஏன் உம்மா ஒரு நாளும் கேக்கல்ல?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். பொறகு, மறந்திட்டாய் எண்டு நினைச்சன். மறந்த புள்ளைட்டக் கேட்டு என்னத்துக்கு?" முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு வருஷம் எனக்கு உன்ட மூஞ்சப் பாக்க ஏலாம இரிந்திச்சு மகள். வாப்பாவுக்கும் அது தெரியா. உன்னப் பாத்தா அந்தக் கம்பிதான் தெரியும். அதுக்கு நான் அல்லாட்ட எத்தின தரம் தவ்பா செஞ்சு மன்னிப்புக் கேட்டிரிப்பன்."

அந்த வருடம் எனக்கு நினைவிருந்தது. உம்மா என்னைத் திருப்பி உட்கார வைத்துப் பின்னாலிருந்து தலை பின்னுவார். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். தங்கச்சியின் கவலை என்று நினைத்திருந்தேன். இருவரும் ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறோம்.

"இரிந்தா இப்ப அவளுக்கு இருவத்தேழு," என்றார் உம்மா. "அந்தப் புள்ள நல்லாப் பாடினாவா?"

"வரி தெரியா உம்மா. சும்மா சத்தம்தான்."

உம்மா எழும்பிப் போய் மீன் ஆணத்தைச் சூடாக்கினார். இனிச் சோறு வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தின்று முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.